பன்னிரண்டு மணிக்கு வாங்கிய சோஃபா

பெண்டாட்டியின் பாவாடை கிழிந்தால் சிரிக்கக் கூடாது. அதுவும் பத்து மீட்டர் வெல்வெட்டில் மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்த பாவாடை, நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்கள் நாளன்று, ஊரே திரண்டு நிற்கும் கல்லறைத் தோட்டத்து வாசலில் கிழிந்தால், வாயைப் பொத்திக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்ள வேண்டும். இதெல்லாம் ஒருவர் சொல்லித்தர வேண்டிய விஷயமா? நெமேசியோவுக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போய்விட்டது. சிரித்துத் தொலைத்தான்.

கிழித்தது வேறு யாருமில்லை, அவனுடைய பிக்கப் வண்டிதான். அதற்குப் பலோமா என்று பெயர். புறா என்று அர்த்தம். வெள்ளையாக இருந்த காலத்தில் வைத்த பெயர். இப்போது என்ன நிறம் என்று கேட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான். நாற்பது வயசு தாண்டிய வண்டி. முன்னால் ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து ஒரே நீளச் சீட். நீல ரெக்ஸின், ஓரத்தில் வெள்ளைக் கரை. அதன் வலது பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அது ஒருநாள் என்னைக் கடிக்கும் பாரு" என்று காசில்டா ஒரு வருஷமாகச் சொன்னாள். "பாத்துக்கலாம்" என்று நெமேசியோ ஒரு வருஷமாகச் சொன்னான். கல்லறை வாசலில் அவள் இறங்கும்போது ஸ்பிரிங் பாவாடையைக் கவ்வியது. அவள் கீழே, பாவாடையில் பாதி மேலே. டர்ரென்ற சத்தத்தில் சுற்றி நின்றவர்களின் ஜெபம் அப்படியே நின்றுபோயிற்று.

அப்போதுதான் நெமேசியோ சிரித்தான். சிரித்ததோடு விட்டானா? "பத்து மீட்டர்ல ஒரு மீட்டர்தானே போச்சு, இன்னும் ஒம்பது இருக்கே" என்று வேறு சொன்னான்.

காசில்டா சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். செத்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள். திரும்பி வந்தவள் முன்கதவைத் தாண்டி நடந்தாள். பின்சக்கரத்தில் கால் வைத்து, சரக்கு ஏற்றும் தொட்டிக்குள் ஏறினாள். பாலாடைக்கட்டிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, குடையை விரித்தாள். அன்றிலிருந்து அதுதான் அவள் இடம்.

வாரத்துக்கு இரண்டு நாள் எங்கள் ஊர் ஹங்கோமாயாவிலிருந்து எல் ஆல்டோ நகரத்துக்குப் பாலாடைக்கட்டி விற்கப் போவார்கள், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மழை, ஆலங்கட்டி, மேட்டுநிலத்துக் குளிர்காற்று எதுவும் அவளை முன்னால் வரவைக்கவில்லை. ஓட்டுபவனின் தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி எப்போதோ உடைந்து, அங்கே நெமேசியோ ஒரு பலகையை அடித்து வைத்திருந்தான். ஆகவே அவளைப் பார்க்கவும் முடியாது. அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் பலகையில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. மூன்று தட்டு என்றால் நீ ஒரு மடையன். இதை அவள் விளக்கிச் சொல்லவில்லை, மேடு பள்ளங்களில் வண்டியை விட்டபோது அவனாகவே புரிந்துகொண்டான்.

இருபத்திரண்டு வருஷம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். அவித்த மொச்சையைத் தோலுரித்து ஒன்று தன் வாயிலும் ஒன்று அவன் வாயிலும் போட்டுக்கொண்டு, அவன் ஓட்டும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வருவாள். இப்போது நெமேசியோ தனியாக ஓட்டினான். பேச்சுத் துணை இல்லை, மொச்சையும் இல்லை. மனுஷனுக்கு வலித்தது. வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த வருஷம் பார்த்து, பிப்ரவரி இரண்டாம் தேதி கன்டெலாரியா மாதா திருவிழாவை எடுத்து நடத்தும் முறை இவர்களுடையது. விழா எடுக்கிற புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில் ஜோடியாக ஊர்ச் சதுக்கத்துக்குள் நுழைய வேண்டும். பேண்டு வாத்தியம் முன்னால் போகும், ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். காசில்டா புதுசாக, திராட்சை ரச நிறத்தில், இன்னொரு பத்து மீட்டர் பாவாடை தைத்துவிட்டாள். தைத்துவிட்டுத் தொட்டியில் நின்றபடி சொன்னாள்:

"இந்தா பாருய்யா. இந்தப் பாவாடையோட நான் அந்தக் கடிநாய் மேல உக்கார மாட்டேன். திருவிழாக்குள்ள நல்ல சீட் போட்டா உன்கூட வரேன். இல்லேன்னா எங்க அண்ணன் மினிபஸ்ல வந்து இறங்குறேன். நீ பின்னாடி பீர்ப் பெட்டி ஏத்திட்டு வா."

அவளுடைய அண்ணன் குமெர்சிந்தோவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவனிடமும் ஒரு காலத்தில் பலோமாவைப் போலவே அதே மாடல் பிக்கப் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு மினிபஸ் வாங்கினான். உள்ளே கலர் விளக்கு, ஆளுயர ஸ்பீக்கர், கண்ணாடியில் குஞ்சலம் என்று அது ஓடுகிற கல்யாண மண்டபம்.

"கவலைப்படாத மாப்ளே" என்றான் குமெர்சிந்தோ. "என் தங்கச்சிய நான் ராணி மாதிரி கொண்டாந்து இறக்குறேன். நீ பீரைப் பத்திரமா கொண்டுவா. உடைஞ்சா ஊரு உன்னைத்தான் கேக்கும்."

நெமேசியோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொந்தத் திருவிழாவில், சொந்தப் பெண்டாட்டி மச்சான் வண்டியில் வர, புருஷன்காரன் பீர்ப் பெட்டியோடு பின்னால் வந்தால் ஊர் வாய்க்கு அவல் போட்டதாகாதா? அவன் காலம் முழுக்க மறக்க மாட்டார்கள். எங்களூர்க்காரர்களை எனக்குத் தெரியும், கொள்ளுப்பேரன் காலத்திலும் சொல்லிச் சிரிப்பார்கள்.

எல் ஆல்டோவில் 'ஜூலை பதினாறு' என்று பெயர் வைத்த சந்தை ஒன்று வாராவாரம் கூடும். அம்மா அப்பாவைத் தவிர எல்லாம் கிடைக்கும் சந்தை. பழைய கதவு, பழைய எஞ்சின், ஜோடி இல்லாத செருப்பு என்று தெருத் தெருவாகப் போகும். சீட்டுக்கென்றே ஒரு தெரு. அங்கே நெமேசியோ மூன்று வாரம் அலைந்தான். காசில்டா பாலாடைக்கட்டி விற்றாள், இவன் சீட் தேடினான்.

"எந்த மாடலு?" என்பான் வியாபாரி. இவன் சொல்வான். வியாபாரி தொப்பியைக் கழற்றாத குறையாக அனுதாபப்படுவான். "அந்தச் சீட்டா? மெத்து மெத்துன்னு இருக்குமே. அதையெல்லாம் யாருண்ணே வெளிய விடுறா?"

ஆனால் வெறுங்கையோடு அனுப்பினால் அவன் வியாபாரியா? ஒருவன் பஸ் சீட்டைக் காட்டினான். உட்கார்ந்து பார்த்தால் தலை கூரையில் இடித்தது. "தொப்பியைக் கழட்டிடுங்க" என்றான். திருவிழாவுக்குத் தொப்பி இல்லாமல் போகச் சொல்கிறவனிடம் என்ன பேச? இன்னொருவன் முடிவெட்டுகிற கடையின் சுழல் நாற்காலியைத் தூக்கிவந்தான். "வளைவுல வண்டி திரும்பும்போது நீங்களும் கூடவே திரும்பலாம்" என்றான், அதை ஒரு வசதி மாதிரி.

கடைசியில் மூடிப்போன சினிமா தியேட்டரின் மடக்குச் சீட் இரண்டை, சரிப்பட்டு வருமா பார்க்கலாம் என்று இரவல் வாங்கி மாட்டினான். எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் சாதி. முதல் பள்ளத்தில் நெமேசியோ ஒரு சாண் எழும்பினான். அவன் திரும்பி இறங்குவதற்குள் சீட் மடங்கிக்கொண்டது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கினான். இரண்டாவது பள்ளத்தில் சீட் மறுபடி திறந்தது, பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டு மறுபடி மடங்கியது. வண்டி தானாக ஒரு உருளைக்கிழங்கு வயலுக்குள் போய் நின்றது. பின்னால் பலகையில் மூன்று தட்டு கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் மூன்று. மறுநாள் பழைய சீட்டே திரும்பி ஏறியது.

ஜனவரி இருபத்து நாலு வந்துவிட்டது. அன்று அலசீத்தா சந்தை. என்ன வேண்டுமோ அதைச் சின்ன உருவமாக, சரியாக உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கு வாங்கிப் புகை காட்டிவிட்டால், அந்த வருஷத்துக்குள் ஏக்கேக்கோ சாமி அதை நிஜமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். தொப்பை, சிரித்த வாய், உடம்பெல்லாம் மூட்டை முடிச்சு என்று நிற்கும் சாமி. வீடு வேண்டுமானால் விரல் உயர வீடு, படிப்பு வேண்டுமானால் நகம் அளவு பட்டம். ஒரே ஒரு விஷயம். கேட்டது வரும், கேட்டது மட்டும்தான் வரும். மாடி இல்லாத வீட்டை வாங்கிவிட்டு மாடி வரவில்லையே என்று அழுதவர்கள் எங்களூரில் உண்டு.

அத்தனை லட்சம் பொம்மைகளில் வண்டிச் சீட் மட்டும் இல்லை. லாரி இருந்தது, பஸ் இருந்தது, விமானம்கூட இருந்தது. சீட்டைத் தனியாக எந்தப் பைத்தியக்காரன் கேட்பான்? நெமேசியோ கடைக்குக் கடை ஓடினான். அப்போலோனியா அக்காவின் கடைக்கு வந்து மூச்சு வாங்கியபோது மணி பன்னிரண்டாக நாலு நிமிஷம்.

"அக்கா, பிக்கப்புக்கு முன் சீட். ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி. நீளமா."

"அதெல்லாம் யாருப்பா செய்யுறா? போன வாரம் சொல்லிருந்தா செஞ்சு வச்சிருப்பேன்."

"அக்கா, நாலு நிமிஷம்தான் இருக்கு. மாட்டேன்னு சொல்லாதீங்க."

அவள் கைவிடாமல் பெட்டிகளைக் கிளறினாள். வீட்டுச் சாமான் செட் ஒன்றிலிருந்து ஒரு குட்டி சோஃபாவை எடுத்தாள். தீப்பெட்டி நீளம். "இந்தா. ரெண்டு பேர் உக்காரலாம், நீளமாவும் இருக்கு."

"இது சோஃபாக்கா."

"சாமி என்ன, வண்டியைப் பிரிச்சுப் பாக்கவா போறாரு? நீ மனசுல சீட்டுன்னு நினைச்சுக்க."

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. யோசிக்க நேரமில்லை. நெமேசியோ வாங்கினான், கூட்டத்தை முண்டிக்கொண்டு போய்ப் பூசாரியிடம் நீட்டினான். பூசாரி புகை காட்டி, சாராயம் தெளித்து, மஞ்சள் பூவிதழைத் தூவி, அவன் 'இது வண்டிச் சீட்' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், "சோஃபா நல்லபடியா வந்து சேரட்டும்" என்று உரக்கச் சொல்லி முடித்துவிட்டார். போச்சு. பதிவாகிவிட்டது.

அதைவிடப் பெரிய இடி அடுத்த நிமிஷம் விழுந்தது. காசில்டாவும் எதையோ புகை காட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். அதைத் துணிமூட்டைக்குள் செருகும்போது நெமேசியோ பார்த்துவிட்டான். களிமண் சேவல். சேவல் எதற்கு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். புருஷன் வேண்டும் என்கிற பெண்கள் வாங்குவது அது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமானவள் சேவல் வாங்கி நான் பார்த்ததில்லை, நெமேசியோவும் பார்த்ததில்லை. ஊர் திரும்பும்வரை அவனுக்குக் கியர் எது, பிரேக் எது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. பேசியது பிரூடென்சியா. அவளுடைய மகனுக்கு நெமேசியோதான் ஞானத்தகப்பன்.

"நாங்க வீடு மாத்துறோம்ணே. ஒண்ணு மட்டும் புது வீட்டு வாசல்ல நுழைய மாட்டேங்குது. நீங்க வண்டி வச்சிருக்கீங்களே, சும்மாவே எடுத்துட்டுப் போறீங்களா?"

"என்னம்மா அது?"

"சோஃபா."

நெமேசியோ சட்டைப் பையிலிருந்த பொம்மையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பச்சை வெல்வெட் சோஃபா. மூன்று பேர் உட்காரலாம், நாலாவது ஆள் படுக்கலாம். சரி, சாமி கொடுத்ததைச் சாமி கொடுத்தபடி பயன்படுத்துவோம் என்று நெமேசியோ தீர்மானித்தான். பலோமாவின் பழைய சீட்டைக் கழற்றினான், இரண்டு கதவையும் கழற்றினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து சோஃபாவைத் தள்ளினார்கள். பாதி போயிற்று. அப்புறம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஒரு மணி நேரம் பலோமா இரண்டு பக்கமும் பச்சைக் கை நீட்டிக்கொண்டு நின்றது. காசில்டா மொச்சையை உரித்துத் தின்றுகொண்டு பார்த்தாள்.

"சோஃபா கேட்ட, சோஃபா வந்துடுச்சு" என்றாள். "இப்ப உனக்கு என்ன குறை?"

எப்படியோ பிடுங்கி எடுத்து, வைக்க வேறு இடமில்லாமல் பின்தொட்டியில் ஏற்றினார்கள். பழைய சீட்டும் ஸ்பிரிங்குமே முன்னால் திரும்பி வந்தன. காசில்டா தொட்டியில் ஏறினாள், சோஃபாவைக் கையால் அழுத்திப் பார்த்தாள், உட்கார்ந்தாள், காலை நீட்டினாள். மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டாள். மறுநாள் எல் ஆல்டோ சாலையில் போன வண்டியெல்லாம் ஹாரன் அடித்து மரியாதை செய்தது. பச்சை வெல்வெட்டில் சாய்ந்துகொண்டு, வட்டத் தொப்பி சாயாமல், காசில்டா எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டு போனாள்.

நெமேசியோ வாங்கியது கை மேல் பலித்து, அவனையே உதைத்தது. முன்பாவது பெட்டி மேல் உட்கார்ந்து இடுப்பு வலித்தால் ஒருநாள் முன்னால் வருவாள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது அவள் ஏன் வரப்போகிறாள்? பலகையில் தட்டும் சத்தம்கூட நின்றுவிட்டது. பள்ளத்தில் விட்டுப் பார்த்தான். வேண்டுமென்றே இன்னொரு பள்ளத்தில் விட்டான். ஒரு தட்டு இல்லை. நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்தால், மகராசி சோஃபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். மடையன் என்று திட்டவாவது ஒரு ஆள் வேண்டாமா? நெமேசியோ சாலையோரத்தில் நின்று மூக்கைச் சிந்தினான். குளிர் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஏற்பாடு பேசுவதற்காகக் குமெர்சிந்தோ வீட்டுக்குப் போனார்கள். காசில்டா முற்றத்தில் நின்ற வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. அண்ணியையும் தொட்டிக்கு ஏற்றிக்கொண்டு, சோஃபாவில் சாய்ந்து ஊர்க்கதை பேசினாள். ஆண்கள் இரண்டு பேரும் உள்ளே டிவியில் கால்பந்து பார்த்தார்கள். குமெர்சிந்தோ வீட்டு நடுக்கூடத்தில், கோடு போட்ட கம்பளிப் போர்வை விரித்த சோஃபா ஒன்று உண்டு. பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நெமேசியோ அதில்தான் உட்காருவான்.

அன்று அவனுக்கு ஆட்டத்தில் மனசு இல்லை. அவன் மெல்லும் கோக்கா இலைப் பை மடியிலிருந்து நழுவிச் சோஃபா இடுக்கில் விழுந்தது. கையை விட்டுத் துழாவினான். பை அகப்படவில்லை. ஜில்லென்று ஏதோ இரும்பு அகப்பட்டது. இழுத்தான், ஒரு பட்டை வந்தது. இன்னும் இழுத்தான், இன்னும் வந்தது. நெமேசியோ அதை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மச்சான்."

"இரு மாப்ளே, கார்னர் கிக்."

"மச்சான், உங்க சோஃபாவுக்கு எதுக்கு சீட் பெல்ட்?"

குமெர்சிந்தோ டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் காது சிவந்தது. "பாதுகாப்புக்குதான். ஆட்டம் சூடாப் போனா விழுந்துடக் கூடாதுல்ல."

நெமேசியோ எழுந்து போர்வையைத் தூக்கினான். நீல ரெக்ஸின். ஓரத்தில் வெள்ளைக் கரை. கீழே நாலு போல்ட் ஓட்டை. டிவியில் கோல் விழுந்தது, இரண்டு பேரும் பார்க்கவில்லை.

"இரும்புக்குப் போட்டேன்னு சொன்னீங்க."

"வண்டியைப் போட்டேன். இது மெத்து மெத்துன்னு இருந்துச்சு, எடுத்து வச்சேன்."

"மூணு வாரமா சந்தை சந்தையா நாயா அலையுறேன். சினிமா சீட்டுல மாட்டி உருளைக்கிழங்கு வயல்ல கிடந்தேன். உங்ககிட்ட வந்து, இதே சீட் மேல உக்காந்து, சீட் கிடைக்கலைன்னு அழுதேன் மச்சான். அப்பக்கூட நீங்க வாயத் திறக்கல."

"நீ சீட் தேடுன. இது சோஃபா" என்றான் குமெர்சிந்தோ. அசைந்துகூடக் கொடுக்கவில்லை. "பத்து வருஷமா வீட்டுக்குள்ள சோஃபாவா இருக்கு. வர்றவன் போறவனெல்லாம் சோஃபான்னுதான் சொல்றான். சோஃபா தேடுறேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் சொல்லிருப்பேன்ல?"

நெமேசியோ சட்டைப் பைக்குள் கைவிட்டான். தீப்பெட்டி நீளப் பொம்மையை எடுத்து மச்சான் முன்னால் மேஜை மேல் வைத்தான். மஞ்சள் பூவிதழ் ஒன்று இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சோஃபாதான் கேட்டேன் மச்சான்."

குமெர்சிந்தோ குனிந்து பார்த்தான். "எப்ப வாங்குன?"

"இருபத்து நாலாம் தேதி."

"மணி?"

"பன்னெண்டு. கோயில் மணி அடிக்கும்போது."

"புகை போட்டாச்சா?"

"போட்டாச்சு. பூசாரி வாய்விட்டுச் சொல்லிட்டாரு, சோஃபா வந்து சேரட்டும்னு. ஆயிரம் பேர் கேட்டாங்க."

குமெர்சிந்தோ மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். மாப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கலாம், சாமியோடு நிற்க முடியுமா? மினிபஸ்ஸுக்கு இன்னும் பதினெட்டு மாதத் தவணை பாக்கி, அதற்கும் அவன் அதே சாமியிடம்தான் புகை போட்டிருந்தான்.

"சரி, எடுத்துக்க" என்றான். "அப்ப நான் எதுல உக்காந்து மேட்ச் பாக்குறது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார்கள்.

காசில்டாவை சோஃபாவிலிருந்து எழுப்புவதுதான் பெரிய வேலையாக இருந்தது. நெமேசியோ வண்டிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். அண்ணி ஓசைப்படாமல் இறங்கிக்கொண்டாள்.

"இறங்கு புள்ள. சீட் கிடைச்சிடுச்சு. சோஃபாவ உங்க அண்ணனுக்குக் குடுக்கணும்."

"எனக்கு இது வசதியா இருக்கு. மழை வந்தா தார்ப்பாய் இருக்கு. ஸ்பிரிங் இல்ல. கிழிஞ்சா சிரிக்க ஆளும் இல்ல."

முள் தைத்திருந்தது அங்கேதான். மூன்று மாதமாக ஸ்பிரிங்கைக் குறை சொல்லி, மூன்று வாரம் சீட் தேடி அலைந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நெமேசியோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். மச்சான் நின்றான், அண்ணி நின்றாள், முற்றத்துக் கோழியெல்லாம் நின்றது.

"அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு காசில்டா" என்றான். "ஊரே பாக்குறப்ப நீ கூசிப்போய் நின்ன. நான் இறங்கி வந்து மறைச்சு நின்னிருக்கணும். மீட்டர்க் கணக்கு பேசிட்டிருந்தேன். நீ இல்லாம முன்னாடி உக்காந்து ஓட்ட என்னால முடியல. திட்டவாவது பக்கத்துல வா."

காசில்டா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அண்ணே" என்றாள், "இந்தப் பக்கம் பிடி. வெல்வெட்டு, பாத்துத் தூக்கு."

புதுச் சீட், அதாவது பழைய சீட், அதாவது சோஃபா, பலோமாவுக்குள் சும்மா சொல்லக் கூடாது, அச்சாகப் பொருந்தியது. நாலு ஓட்டைக்கும் நாலு போல்ட். பத்து வருஷத்தில் குமெர்சிந்தோ வீட்டில் சிந்திய பீர் வாசம் மட்டும் போகவில்லை.

பிப்ரவரி இரண்டாம் தேதி காலையில் காசில்டா திராட்சை ரச நிறப் பாவாடையோடு வந்தாள். முதலில் சீட் முழுவதையும் உள்ளங்கையால் ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தாள். ஒரு போர்வையை விரித்தாள். ஏறினாள். கதவோரம் உட்கார்வாள் என்று நெமேசியோ நினைத்தான். பத்து மீட்டர் துணியையும் வாரிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்துவிட்டாள். கியர்க் கம்பி பாவாடைக்குள் காணாமல் போயிற்று.

சதுக்கத்தை நோக்கி பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. பின்னால் மினிபஸ்ஸில், சீட்டெல்லாம் பீர்ப் பெட்டி அடுக்கி, குமெர்சிந்தோ ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

நெமேசியோவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "ஒண்ணு கேக்கவா? அந்தச் சேவல்."

"எந்தச் சேவல்?"

"அலசீத்தால வாங்குனியே. பாத்தேன்."

காசில்டா தலையசைத்துக் கூட்டத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே பேசினாள். "புருஷன் வேணும்னு வாங்குனேன்."

"நான்தான் இருக்கேனே."

"எங்க இருந்த? மூணு மாசமா எனக்கு ஒரு டிரைவர்தான் இருந்தான். நடுவுல பலகை வேற. முதுகுகூடத் தெரியல. இவன் கிடைக்கலைன்னா வேற ஒருத்தன் கிடைக்கட்டும்னு பொதுவாத்தான் கேட்டேன். சாமி உன்னையே அனுப்பிட்டாரு. கேட்டது கேட்டபடி வந்துடுச்சு, என்ன செய்ய?"

நெமேசியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினான். பாவாடை மடிப்புக்குள் கையை விட்டுத் துழாவிக் கியரைக் கண்டுபிடித்து மாற்றினான்.

"முழங்கால்ல இடிக்குது" என்றாள்.

"அப்ப கொஞ்சம் கதவுப் பக்கம் நகரு."

"இடிச்சா இடிச்சிட்டுப் போகுது" என்றாள் காசில்டா. மடியிலிருந்து ஒரு மொச்சையை எடுத்து உரித்து அவன் வாயில் போட்டாள். அந்த நேரம் பார்த்து முன்சக்கரம் கோயில் வாசல் பள்ளத்தில் இறங்கியது. அவள் அவனுடைய தொடையில் மூன்று முறை தட்டினாள்.

"தெரியும்" என்றான் நெமேசியோ, வாய் நிறைய மொச்சையோடு.